கைதட்டல் யாருக்கு?

குற்றப் படங்கள் நாட்டைக் கெடுக்கின்றன என்று குரல் எழுப்புவோர் உளர். திரையில் கத்தி மின்னினால் தெருவில் கத்தி மின்னும். திரையில் இரத்தம் வழிந்தால் இளைஞர் உள்ளத்தில் ஈரம் வற்றும். ஆகவே வெட்டுக, விலக்குக, தடை செய்க என்பது அவர்தம் வாதம். எத்தனை குத்து, எத்தனை வெட்டு, எத்தனை துப்பாக்கி ஒலி என்று எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணிக்கை மிகுந்தால் படம் தீது. குறைந்தால் படம் நன்று! தீர்ப்பு முடிந்தது, திருப்தியோடு வீடு திரும்புகின்றனர்.

துணிக்கடை முழக்கோலைக் கொண்டு பாலை அளக்கலாமா? இரத்தத்தின் அளவைக் கொண்டு ஒரு படத்தின் நன்மை தீமையை அளப்பதும் அத்தகையதே. ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் நஞ்சூட்டும் படங்கள் உண்டு. குருதி சிந்தச் சிந்தக் கண் திறக்கும் படங்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடி விழும்போது அந்தப் படம் நம்மை எங்கே உட்கார வைக்கிறது? அடிப்பவன் கைக்குப் பின்னாலா, அடிபடுபவன் முதுகுக்குள்ளா? நாம் கைதட்டுகிறோமே, அந்தக் கைதட்டல் யாருக்கு?

இந்தக் கேள்வியோடு நம் கொட்டகைகளுக்குள் நுழைவோம்.

வாடிக்கையான போலீசுப் படம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதலில் கொடியவன் வருகிறான். அவன் கொல்வதை நாம் பார்க்கிறோம். கொன்றபின் சிரிப்பதைப் பார்க்கிறோம். தாய் அழுவதைப் பார்க்கிறோம். ஐயத்திற்கு அணுவளவும் இடமில்லை. பின்னர் வழக்கறிஞர் ஒருவர் கருப்பு அங்கியோடு வந்து, சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து, கொடியவனை வெளியே அழைத்துச் செல்கிறார். நம் பல் நறநறக்கிறது. அடுத்து, மனித உரிமை பேசும் ஒருவர் வருகிறார். அவரைக் கோமாளியாக்கி அனுப்புகிறார்கள். இறுதியில் காக்கிச் சட்டைக் கதாநாயகன், மெதுவாக நடந்து, மேளம் முழங்க, துப்பாக்கியை நீட்டுகிறான். கொட்டகை அதிர்கிறது! 2003ல் வெளிவந்த ‘காக்க காக்க’ மோதல் சாவை வீரத்தின் சிகரமாகக் காட்டிப் பெருவெற்றி பெற்றது. அதன் பிறகு அந்தத் தடத்தில் நடந்த படங்களை எண்ண விரல் போதாது.

அந்தப் படங்கள் திறமையற்றவை என்று நான் கூற மாட்டேன். திறமை மிகுந்தவை, ஆதலாற்றான் கவலை. அவை செய்யும் சூழ்ச்சி என்ன? பார்ப்பவனுக்கு, உலகில் எவருக்கும் கிட்டாத ஒரு பேற்றை இலவசமாக அளிக்கின்றன. இன்னான்தான் குற்றவாளி என்ற முழு நிச்சயமே அந்தப் பேறு! குற்றம் நடந்தபோது படக்கருவி அங்கே நின்றது. ஆகவே நமக்குத் தெரியும். நமக்குத் தெரிந்த பிறகு சாட்சி எதற்கு, சான்று எதற்கு, நீதிமன்றம் எதற்கு? இரண்டரை மணி நேரம் எல்லாம் அறிந்த கடவுளாக நம்மை அமர்த்தி, அந்தக் கடவுளின் பெயரால் சுடச் சொல்கிறார்கள். கடவுளை ஏற்காதவனும் அந்த இருக்கையில் சுகமாக அமர்ந்துவிடுகிறான், தோழர்களே! இது வியப்பல்லவா?

வெளியே வந்தால் அந்த இருக்கை இல்லை. வெளியே யாருக்கும் முழுதும் தெரியாது. ஐயமும் விசாரிப்பும், சான்றைச் சலித்துப் பார்க்கும் பொறுமையுமே உண்டு. எனினும் கொட்டகையில் பழகிய கை, தெருவிலும் தட்டுகிறது.

2019 நவம்பர் இறுதியில், ஐதராபாத்தை அடுத்து இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். நெஞ்சு பதைக்கும் கொடுமை அது. நால்வரைக் கைது செய்தனர். டிசம்பர் 6 விடியற்காலையில் அந்த நால்வரும் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினர், ஆகவே சுட்டோம் என்றனர் போலீசார். மக்கள் காவலர்மீது மலர் தூவினர், இனிப்பு வழங்கினர், தோள்மீது தூக்கினர். திரையில் கண்ட இறுதிக் காட்சி தெருவில் நடந்தேறியது! உச்ச நீதிமன்றம், நீதிபதி சிர்புர்க்கர் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 2022 மே திங்களில் வெளிவந்தது. போலீசு கூறிய கதை நம்பத்தக்கதன்று, கொல்லும் நோக்கத்தோடே சுட்டனர், இறந்தவருள் மூவர் சிறுவர் என்று அந்த ஆணையம் கண்டது. தூவிய மலர்கள் வாடி இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. தூவிய கைகளுள் எத்தனை, அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்திருக்கும்?

அந்த மருத்துவருக்கு நீதி கிடைத்ததா? குற்றம் செய்தவர் யார், யார் யார் எந்த அளவுக்குச் செய்தனர் என்பது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படவே இல்லை. வழக்கு சாகடிக்கப்பட்டது. கொட்டகைக் கைதட்டல் என்பது கொட்டகையோடு முடியும் பொழுதுபோக்கு என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இந்தக் கைதட்டலை வாயடைக்கச் செய்த படம் ஒன்று தமிழில் உண்டு. 2015ல் வெனிசு திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, 2016 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளுக்கு வந்த வெற்றிமாறனின் ‘விசாரணை’தான் அது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார், 1983ல் குண்டூரில் தாம் போலீசுக் காவலில் பட்ட பாட்டை ‘லாக்கப்’ என்ற பெயரில் நூலாக எழுதினார். அந்த நூலிலிருந்து பிறந்தது இப்படம். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, நகைச்சுவைத் துணுக்கு இல்லை. அடி இருக்கிறது. தமிழ்ப் படங்களில் இதைவிட அதிகம் அடி விழும் படங்கள் நூறு உண்டு. ஆனால் இதில் விழும் அடி ஒவ்வொன்றும் நம் எலும்பில் விழுகிறது. ஏன்?

பிழைப்புத் தேடிக் குண்டூர் சென்ற தமிழ் இளைஞர் நால்வர். கடையில் வேலை, பூங்காவில் உறக்கம். வீடில்லாதவன், வேற்று மொழிக்காரன், கேட்க ஆளில்லாதவன்! பெரிய மனிதர் வீட்டில் களவு போய்விட்டது. மேலிடம் நெருக்குகிறது. கணக்கை முடிக்க நான்கு உடல்கள் தேவை. இந்த நால்வரைப் பிடித்து வந்து, ஒப்புக்கொள் என்கிறார்கள். எதை ஒப்புக்கொள்வது என்றே அவர்களுக்கு விளங்கவில்லை! குற்றம் இன்னதென்று அறியாமலே குற்றத்தை ஏற்குமாறு அடிக்கப்படுகிறார்கள்.

இங்கே இயக்குநர் செய்திருக்கும் செயலைக் கவனியுங்கள். வாடிக்கைப் படம் நமக்கு வழங்கும் அந்த நிச்சயத்தை இவரும் வழங்குகிறார், ஆனால் தலைகீழாக. இவர்கள் குற்றமற்றவர்கள் என்பது நமக்குத் தெரியும். போலீசாருக்கும் தெரியும்! தெரிந்தும் அடிக்கிறார்கள். அப்படியானால் அந்த அடி உண்மையைத் தேடும் அடியன்று. ஒரு கையெழுத்தைத் தேடும் அடி. இதைத் திரையில் இத்துணைத் தெளிவாக எடுத்துக்காட்டிய தமிழ்ப் படம் வேறொன்று சொல்வது கடினம்.

உணவை மறுத்து நால்வரும் நடத்தும் போராட்டமும் முறியடிக்கப்பட்டு, முடிவில் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்குத் தெலுங்கு தெரியாது. வேறொரு வேலையாக அங்கு வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல், சமுத்திரக்கனி ஏற்றிருக்கும் வேடம், மொழிபெயர்க்கிறார். சில நிமிடங்கள், சில சொற்கள். உண்மை வெளியே வருகிறது, விடுதலை கிடைக்கிறது. படத்தின் உயிர்நிலை இதுவே என்பேன். நாட்கணக்கில் தடிகள் வெளிக்கொணராத உண்மையைச் செவிமடுத்த ஒரு நீதிபதியும் மொழி தெரிந்த ஒரு மனிதரும் சேர்ந்து நொடியில் வெளிக்கொணர்ந்துவிட்டனர். கேட்க ஆள் இருந்தால் உண்மை தானே நடந்து வரும், தடி எதற்கு?

இத்தோடு படம் முடிந்திருந்தால் நாம் நிம்மதியாக எழுந்து வந்திருப்போம். அயல் மாநிலப் போலீசு கொடியது, நம் மாநில அதிகாரி நல்லவர் என்று இனப்பெருமையும் கொஞ்சம் கலந்து வீடு திரும்பியிருப்போம். அந்த நிம்மதியை இயக்குநர் நமக்குத் தர மறுக்கிறார். விடுதலைக்குக் கைம்மாறாக, கே.கே. என்னும் தணிக்கையாளரைக் கடத்திவர இந்த இளைஞர்கள் முத்துவேலுக்கு உதவ வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். ஒருவன் வழியில் இறங்கிவிடுகிறான். மற்ற மூவரும் காவல் நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் அமர்த்தப்படுகிறார்கள். துடைப்பத்தோடு நிற்கும் அவர்கள் காதில் விழக்கூடாத செய்திகள் விழுகின்றன. செல்வாக்குமிக்க கே.கே.யும் காவலில் இறந்துபோகிறார். அந்தச் சாவை மூட ஒரு கதை வேண்டும். கதைக்குத் திருடர்கள் வேண்டும். திருடர் வேடத்துக்குப் பொருத்தமான மூன்று ஏழைகள் துடைப்பத்தோடு எதிரிலேயே நிற்கிறார்கள்! மனச்சான்று உறுத்தும் முத்துவேலையும் அந்த இயந்திரம் விட்டுவைக்கவில்லை. குண்டூரில் தெலுங்கில் விழுந்த அடி, இங்கே தமிழில் விழுகிறது. அவ்வளவே வேற்றுமை.

குறை இல்லாத படமா? இல்லை. பிற்பாதியில் அரசியல் சூதும் பண விவகாரமும் விரைந்து விரைந்து வந்து விழுகின்றன. யார் யாரை ஏமாற்றுகின்றனர் என்பதைப் பின்தொடரவே பார்வையாளன் மூச்சு வாங்குகிறான். பெண்களுக்கு இந்தக் கதையில் இடம் மிகக் குறைவு. காவல் நிலைய வாயிலில் கையில் உணவுப் பொட்டலத்தோடு விடியவிடிய நிற்கும் தாயும் மனைவியும் இந்நாட்டுக் காவல் நிலையங்களின் நிரந்தரக் காட்சி. அந்தக் காட்சிக்குக் கதையில் இடம் வாய்க்கவில்லை. எனினும், தமிழின் சிறந்த படமாகவும், துணை நடிப்புக்காகவும், படத்தொகுப்புக்காகவும் மூன்று தேசிய விருதுகள் வந்ததைவிடப் பெரிய பெருமை இதற்கு உண்டு. கடைசித் துப்பாக்கி ஒலிக்குக் கைதட்ட ஆளில்லை. அதே வகை ஒலிக்கு நூறு படங்களில் சீழ்க்கை அடித்த அதே இளைஞர் கூட்டம், வாய் பேசாமல் எழுந்து செல்லும்படி செய்தது இந்தப் படம்.

இனி ஆணிவேருக்கு வருவோம். அடித்தால் உண்மை வரும் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதைப்போல் ஆழ வேரூன்றிய மூடநம்பிக்கை இந்நாட்டில் வேறொன்று இல்லை. தாயத்தைக் கழற்றி எறிந்தவன்கூட இதைக் கழற்றி எறியவில்லை. சுசீந்திரத்தில் ‘கைமுக்கு’ என்றொரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கை வேகாவிட்டால் குற்றமற்றவன்; வெந்தால் குற்றவாளி! திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. இன்று அதைக் கேட்டால் நாம் நகைக்கிறோம். நெய்க்கு நியாயம் தெரியுமா என்று கேட்கிறோம். தடிக்குத் தெரியுமா? நெய்யில் வெந்தது கை. தடியில் வெந்தது முதுகு. உடல் எவ்வளவு தாங்கும் என்பதை இரண்டும் காட்டும். உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதை இரண்டும் காட்டமாட்டா.

இது வெள்ளையனுக்கும் தெரிந்திருந்தது. 1855ல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த ஆணையம், வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் உழவனுக்கும் ஏழைக்கும் இழைக்கப்பட்ட கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தது. விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ அவற்றுள் ஒன்று. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் தன் 25ஆம் பிரிவில் எழுதிற்று. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதை 23ஆம் பிரிவில் அப்படியே வைத்திருக்கிறது. அடித்து வாங்கிய சொல்லை நம்பாதே என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் சொல்கிறது. அடித்தால்தான் வரும் என்று நம் படங்கள் சொல்கின்றன. எதை நம் பிள்ளைகள் கற்கின்றனர்?

வகுப்பறை எனக்குத் தொழிலிடம். ஆகவே அங்கிருந்து ஒன்று சொல்வேன். பத்தாம் வகுப்பு மாணவர்களிடம், “திருடியவன் வாய் திறக்க மறுத்தால் என்ன செய்வது?” என்று கேட்டேன். “அடிக்கணும் சார்” என்று ஒரே குரலில் விடை வந்தது. “திருடாதவன் வாய் திறக்க மறுத்தால்?” என்றேன். வகுப்பு அமைதியானது. பிறகு பின்வரிசையில் ஒருவன் எழுந்து, “அடிச்சா அவனும் திருடினேன்னுதான் சார் சொல்வான்” என்றான். அவனுக்கு நூல் எதுவும் இதைக் கற்பிக்கவில்லை, பிரம்பு கற்பித்திருக்கிறது. காணாமற்போன பேனாவுக்காக ஆசிரியர் பிரம்போடு நிற்க, எடுக்காத பிள்ளை ‘நான்தான் எடுத்தேன்’ என்று அழுத கதை நம் பள்ளிகளில் எத்தனை! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையை விலக்கியது. வகுப்பறையில் தவறென்று நாடு ஒப்புக்கொண்ட ஒன்று, காவல் நிலையத்தில் வீரமாவது எங்ஙனம்?

‘விசாரணை’ என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். ஆராய்தல், கேட்டறிதல் என்பது அதன் பொருள். தமிழ்த்திரை அந்தப் பொருளை ஒருகாலத்தில் அறிந்திருந்தது. 1954ல் எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டும் ஆட்டமும் சண்டையும் இல்லாத கொலைக் கதை. 1943ல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களில் நடக்கும் கதை அது. வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். துப்பறிபவர் ஒவ்வொருவரையும் கேட்கிறார். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கின்றனர். ஐயம் ஆளுக்கு ஆள் தாவுகிறது. ஓர் அடி விழாமல், கேள்வியாலும் அறிவாலும் உண்மை வெளிப்படுகிறது. பார்ப்பவனுக்கு அங்கே கடவுளின் இருக்கை இல்லை; அவனும் துப்பறிபவரோடு சேர்ந்து ஐயுற வேண்டும், ஆராய வேண்டும். இன்றோ, ‘பையனை விசாரணைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்’ என்று கேட்டால் தாய் மயங்கி விழுகிறாள். சொல் அதே சொல், பொருள் செத்துவிட்டது.

மிகைப்படுத்துகிறேனா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்ற குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் மாண்டனர். 2025 ஜூனில் திருப்புவனத்தில், நகை காணவில்லை என்ற புகாரின்பேரில் அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளியான இளைஞர் மாண்டார். காவலர் ஐவர் கைதாயினர். களவுப் புகார், ஏழை இளைஞன், ஒப்புக்கொள் என்ற உறுமல்! ஒன்பது ஆண்டுகளுக்கு முன் திரையில் பார்த்துக் கண் கலங்கிய அதே கதை. பார்த்தோம், கலங்கினோம், அடுத்த வாரம் வேறொரு படத்தில் வேறொரு காக்கி நாயகனுக்குச் சீழ்க்கை அடித்தோம்.

அறிந்தவர்களையும் இந்தச் சீழ்க்கை மயக்குகிறது என்பதற்கு ஒரு சான்று. ‘ஜெய் பீம்’ தந்த த.செ.ஞானவேல், 2024 அக்டோபரில் ‘வேட்டையன்’ தந்தார். ஆசிரியை ஒருத்தி கொல்லப்படுகிறாள். மக்கள் கொதிக்கிறார்கள். மோதல் சாவில் பெயர் பெற்ற அதிகாரியாக வரும் ரஜினிகாந்த், குற்றவாளி எனக் கருதப்பட்ட இளைஞனைச் சுட்டுக் கொல்கிறார். பிறகு தெரிகிறது, அவன் குற்றமற்றவன்! நல்ல கரு, துணிவான கரு. உயர்ந்த நடிகரின் வாயால், விரைந்து வரும் நீதி தவறாகும் என்று சொல்ல வைத்தது பாராட்டுக்குரியது. ஆனால் அந்தக் கருத்தைக் கேட்பதற்குமுன் துப்பாக்கி நாயகனின் வருகைக்கும் வீரத்துக்கும் கொட்டகையைக் கைதட்ட வைத்தாயிற்று. செத்த இளைஞன் விரைவில் பின்னுக்குப் போகிறான். சுட்டவரின் வேதனை முன்னுக்கு வருகிறது. முடிவில் வேறு வில்லன் கிடைக்கிறான். மீண்டும் வீரம், மீண்டும் கைதட்டல். தவறான ஆளைச் சுட்டதுதான் பிழை, சரியான ஆளைச் சுட்டிருந்தால் சரி என்று எண்ணிக்கொண்டு வெளியேறும் வாய்ப்பைப் பார்ப்பவனுக்கு விட்டுவைத்துவிட்டது படம். ‘விசாரணை’ அந்தக் கதவைச் சாத்தியது. ‘வேட்டையன்’ அதைத் திறந்தே வைத்தது.

நாயகனுக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குக் கைதட்டல் வேண்டும், வாணிபம் அப்படி என்பார்கள். ஒப்புக்கொள்வோம். வாணிபம் நம் கையைப் பார்த்துத்தான் நடக்கிறது. நாம் எதற்குத் தட்டுகிறோமோ, அதையே அடுத்த ஆண்டும் சமைத்து வைப்பார்கள். ஆகவே பொறுப்பில் பாதி படம் எடுப்பவருடையது. மறு பாதி நம்முடையது.

தோழர்களே! குற்றப் படம் பார்க்காதீர் என்று நான் சொல்ல வரவில்லை. பாருங்கள், நிறையப் பாருங்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கிய இருக்கையோடு கடவுளின் இருக்கையையும் சேர்த்துத் தந்தால், வேண்டாமென்று மறுத்துவிடுங்கள். அடி விழும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இவன்தான் செய்தான் என்பது எப்படித் தெரியும்? அடிக்கும் உரிமையை இவனுக்கு யார் கொடுத்தார்? இதே அடி, வீடற்ற, மொழி தெரியாத, கேட்க ஆளற்ற ஒருவன்மீது விழுந்தால் நாம் எங்கே நிற்போம்? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை கை மடியிலேயே இருக்கட்டும்.

சாமியாடிக்கு முன் கைகூப்ப மறுத்தவன் பகுத்தறிவாளன். துப்பாக்கிக்கு முன் கைதட்ட மறுப்பவனும் பகுத்தறிவாளனே. முதலாவதற்குத் துணிவு வேண்டும். இரண்டாவதற்கு, ஆயிரம் பேர் ஆர்ப்பரிக்கும் இருட்டில் தனியே சிந்திக்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு பெருகினால் படங்கள் மாறும். படங்கள் மாறினால் நாடு மாறிவிடும் என்று நான் சொல்லேன். ஆனால் காவல் நிலையத்தின் கதவுக்குப் பின்னால் ஓர் ஏழையின் குரல் எழும்போது, ‘குற்றவாளிதானே, அடிக்கட்டும்’ என்று கடந்துபோகும் கால்கள் சற்றே நிற்கும். நின்று, ‘யார் அது, என்ன குற்றம், எந்தச் சான்று?’ என்று கேட்கும். உண்மையான விசாரணை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.